பயம் ஒட்டாத குதிரை

பயமில்லாத குதிரை ஒன்றைப் படைத்துவிட வேண்டும் என்று பொன்னாத்தாள் கனவிலும் நினைத்ததில்லை. அவளிடம் கேட்டது சுழி. நல்ல சுழியாகப் பார்த்துப் போட்டுக் கொடு என்றார்கள், போட்டுக் கொடுத்தாள். பயம் தானாகக் கழன்றுகொண்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். குரங்கு வந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். வந்தது அதைவிடச் சேட்டைக்காரி.

இது இனிமேல் வரப்போகும் காலத்தில் நடந்த கதை. அப்போது பெயர்களெல்லாம் தலைகீழாகத் திரும்பியிருந்தன. பல் ஆடும் கிழவர்களுக்கு தர்ஷன், ரித்திகா என்று பெயர். பள்ளிக்கூடத்து வாசலில் நின்று நாச்சிமுத்து, பழனாத்தாள் என்று கூப்பிட்டால் பொடிசுகள் ஓடி வந்தன. பொன்னாத்தாளும் அந்தப் புது நாகரிகத்தில் பெயர் வைக்கப்பட்டவள்தான். கோபிச்செட்டிபாளையத்தில் குதிரைக் கருவகம் ஒன்றில் மரபணு வடிவமைப்பாளர். நிறம், உயரம், வால் நீளம், காது நுனி இரண்டும் உச்சியில் ஒன்றையொன்று தொட வேண்டுமா என்பது வரை, கேட்டபடி குதிரை பிறக்கும். அவள் கைராசி அப்படி.

ஒருநாள் அந்தியூர் தர்ஷன் ஐயா வந்தார். முறுக்கின மீசை, முழங்கால் வரை ஏறும் தோல் பூட்ஸ், கையில் வெள்ளிப் பூண் போட்ட சாட்டை. பார்த்தால் இப்போதுதான் குதிரையை விட்டு இறங்கி வந்தவர் மாதிரி இருக்கும். வந்தது காரில்.

“அம்முணி, எனக்குப் பொட்டைக் குதரை ஒன்னு வேணும். நெத்தியில ராசசுழி இருக்கோணும். கழுத்துல தாமணி சுழி. முதுகுல ஏறு பூரான் சுழி. கெட்ட சுழி ஒன்னுகூட ஆகாது. பாடைச் சுழி, விலங்குச் சுழி, பெண்டிழந்தான் சுழி... பேரைச் சொல்லவே வாய் கூசுது.”

“சுழின்னா மயிரு வட்டமாச் சுத்தி வளர்ற எடந்தானுங்க பெரியப்பா? மனுசருக்குத் தலையில இருக்கற மாதிரி?”

“அப்புடிச் சாதாரணமாச் சொல்லாதே. மாட்டுக்கும் குதரைக்கும் சுழிதான் தலையெழுத்து. நான் வாங்குன குதரை ஒவ்வொன்னும் என்னையக் கண்டா மெரளுது. ஒன்னு கயித்தை அத்துட்டு ஓடிருச்சு. ஒன்னு எம்பட கைய ஒதைச்சு ஒடிச்சுப் போட்டுச்சு. சுழி பாக்கறவனக் கூட்டியாந்து பாத்தா, ஒவ்வொன்னுலயும் ஒரு கோளாறு. எல்லாத்தையும் தாட்டிவிட்டுட்டேன்.”

தாட்டிவிடுவது என்றால் அனுப்பிவிடுவது. அவர் அதைச் சொன்னபோது முகம் வாடியதைப் பொன்னாத்தாள் கவனித்தாள். குதிரைமேல் இத்தனை ஆசை வைத்த மனுசருக்கு ஒரு குதிரைகூட ஒட்டவில்லையே என்று அவளுக்கு இரக்கமாக இருந்தது. சரி என்றாள்.

குட்டி பிறந்த காலை அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. செந்நிறம், நான்கு காலிலும் வெள்ளைச் சாக்ஸ். குதிரைக்குட்டிகள் பிறந்த சூட்டிலேயே எழுந்து நின்றுவிடும், இல்லாவிட்டால் காட்டில் பிழைக்க முடியாது. இதுவும் தட்டுத் தடுமாறி எழுந்தது. அதே சமயம் கொட்டகையின் தகரக் கூரைமேல் தொம்மென்று ஒரு தேங்காய் விழுந்தது. சுமந்து பெற்ற தாய்க்குதிரை எம்பிக் குதித்தது. பொன்னாத்தாளும் குதித்தாள். குட்டி மட்டும் நான்கு காலையும் நாலு திசைக்கு வைத்துத் தள்ளாடிக்கொண்டே, உருண்டு வந்த தேங்காயைப் பார்க்கப் போனது.

“அட, தைரியத்தைப் பாரேன்!” என்று சிரித்தாள். அதற்குமேல் யோசிக்கவில்லை.

யோசிக்க விடாமல் செய்தது வேறொன்று. ஈரம் துடைக்கும்போது கேட்ட சுழியெல்லாம் கேட்ட இடத்தில் இருந்தன. ஆனால் பிடரி மயிர் முடிந்து கழுத்து முதுகைத் தொடும் மேட்டில், யாரும் கேட்காத சுழி ஒன்றும் இருந்தது. பாயை ஒரு பக்கம் இழுத்து நேராக்கினால் இன்னொரு பக்கம் மடிப்பு விழத்தானே செய்யும்? சுழி நூலைப் புரட்டிப் பார்த்தாள். பெண்டிழந்தான் சுழி. வாங்குகிறவனுக்குப் பெண்டாட்டி தங்கமாட்டாள்.

வாங்குபவர் வேண்டாமென்று தள்ளிய குட்டியைக் கருவகம் வைத்துக்கொள்ள முடியாது. ‘உறங்க வைக்க’ வேண்டும் என்று சட்டம். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவர் நன்றாகத் தூங்கட்டும். பொன்னாத்தாள் குட்டியைப் பார்த்தாள். குட்டி அவள் சுடிதார் நாடாவைச் சப்பிக்கொண்டிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். பிடரி மயிர் வளர்ந்தால் சுழியை மூடிக்கொள்ளும்.

குட்டி பால் மறந்தபின் ஒப்படைக்கப் போன அன்று, பிடரி மயிரை இன்னொரு தரம் சீவிச் சுழியை மூடினாள். தர்ஷன் ஐயாவோ கம்பி வேலிக்கு அந்தப் பக்கமே நின்று, பைனாகுலர் வைத்துச் சுழி பார்த்தார்! பெரிய இடத்துக் கிறுக்கு போலிருக்கிறது என்று பொன்னாத்தாள் நினைத்துக்கொண்டாள். தப்பித்தோம் என்றும் நினைத்துக்கொண்டாள். குட்டிக்குத் தும்பி என்று பெயர் வைத்தார்கள்.

அதற்குப்பின் தொலைபேசி ஓயவில்லை. பேசுவது தர்ஷன் ஐயாவின் மனைவி ரித்திகா பெரியம்மா.

“பொன்னாத்தா, உம்பட குதரை எங்க அடுப்படியில நிக்குது. வெல்லம் இருக்கற டப்பா அதுக்கு எப்புடித் தெரிஞ்சுதுன்னே தெரியல.”

“வெரட்டி விடுங்க பெரியம்மா.”

“வெரட்டுனா சாஞ்சுக்குது கண்ணு! நான் இந்தப் பக்கம் தள்ளுனா அது அந்தப் பக்கமிருந்து தள்ளுது. அம்மிக்கல்லுக்கும் செவுத்துக்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்டேன். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது.”

இன்னொரு நாள், கல்யாண ஊர்வலத்தில் வெடித்த சரவெடியைத் தேடிக்கொண்டு போய்ப் பந்தியில் நின்றதாம். பவானி பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்தி ஓட்டுநரை மோந்து பார்த்ததாம். ஓட்டுநர் அடித்த ஆரன் பிடித்துப்போய், இன்னொரு தடவை அடிக்கச் சொல்லி நின்றதாம். கேட்கக் கேட்கச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபின்தான் பொன்னாத்தாளுக்கு உறைத்தது. குதிரை இப்படி இருக்காதே!

தும்பிக்கு ஆள் ஏறும் வயது நெருங்கியபோது நேரிலேயே போய்ப் பார்த்தாள். குதிரை தனியாக இருந்தால் ஏங்கிப்போகும், அதற்குக் கூட்டம் வேண்டும். துணைக்காக சுல்தான் என்கிற கிழட்டுக் குதிரையை வைத்திருந்தார்கள். தர்ஷன் ஐயா தாட்டிவிடாமல் மிச்சம் வைத்தது அது ஒன்றைத்தான், அதுவும் பெரியம்மாவின் பிடிவாதத்தால். சட்டப்படி இரண்டின் கழுத்திலும் விளக்குப் பட்டை இருந்தது. குதிரையின் இதயம் நிதானமாக அடித்தால் பச்சை எரியும், படபடத்தால் சிவப்பு.

தும்பியின் பிடரி மயிர் வலப்பக்கமாக வழித்துச் சீவி, சிவப்பு ரிப்பன் வைத்துப் பின்னியிருந்தது. பெரியம்மாவின் வேலை. பொன்னாத்தாள் மனசுக்குள் கும்பிடு போட்டாள். தலைமுடி பின்னத் தெரிந்த கைகள் வாழ்க!

அப்போது தர்ஷன் ஐயா வந்தார். சுல்தானின் காதுகள் பின்னால் படிந்தன, மூக்குத் துவாரம் விரிந்தது, பட்டையில் சிவப்பு எரிந்தது. தும்பியின் பட்டை பச்சையிலேயே இருந்தது. அவள் வேலிமேல் கழுத்தை நீட்டி, ஐயாவின் சட்டைத் தோளைப் பல்லால் நமநமவென்று கடித்தாள். அவர் வேலிக்கு வெளியே நின்றபடியே கையை நீட்டிப் பின்னலுக்கு அடியில், பிடரி முடியும் மேட்டில் சொறிந்து கொடுத்தார். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் குதிரையின் நெஞ்சுத் துடிப்பே குறையும். அவர் விரல் போகும் இடத்தைப் பார்த்துப் பொன்னாத்தாளின் துடிப்பு ஏறியது. ஐயா விரலை எடுக்கவே இல்லை. விவரம் தெரியாமல் சொறிகிறார், நல்லவேளை.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கால்நடைத் துறையிலிருந்து வந்த அறிவிப்பைப் பெரியம்மா படித்துக் காட்டினார். வடிவமைத்த குதிரைகள் அனைத்தும் ஆடி மாதச் சந்தையில் சொன்னபடி கேட்கின்றனவா என்று அதிகாரி பார்க்கும் அடக்கச் சோதனைக்கு வர வேண்டும். தேறாதது திரும்ப எடுத்துக்கொள்ளப்படும்.

“தும்பி தேறமாட்டாளுங்க,” என்றாள் பொன்னாத்தாள். சுற்றி வளைக்க அவளுக்கு வரவில்லை. “அவளுக்குப் பயமே இல்லீங்க.”

“நல்லதுதானே கண்ணு?”

“பெரியம்மா, குதரை புல்லு திங்கற சென்மம். புலிக்கும் ஓநாய்க்கும் பயந்து ஓடி ஓடியே காலு இவ்வளவு நீளமாச்சு. கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கறது பின்னால எவன் வர்றான்னு பாக்கத்தான். நின்னுக்கிட்டே தூங்கறதுகூட, எந்திரிக்கற நேரம் மிச்சமாகுமேன்னுதான்.”

“அப்ப இந்தப் பயந்தாங்கொள்ளி மேல ஏறித்தான் ராசாக்க எல்லாம் சண்டைக்குப் போனாங்களாக்கும்!”

“அந்தப் பயத்தப் புடிச்சுத்தான் மனுசன் அதைப் பழக்குனான். அழுத்துனா விலகும். விலகுனதும் அழுத்தறத விட்டுருவோம். சொன்னபடி கேட்டா நிம்மதின்னு அது படிச்சுக்கும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவுல வெறும் ஈறா ஒரு எடம் இருக்குது, அதுல கடிவாளம் மாட்டறதும் அதுக்குத்தான். சாட்டையும் அதுக்குத்தான். ஆயிரமாயிரம் வருசமா ஒரே பாடம். தும்பிய அழுத்துனா அவ திருப்பி அழுத்தறா. வெளையாடக் கூப்படறோம்னு நெனைக்கறா.”

“சுழி கேட்டதுக்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தம்?” தர்ஷன் ஐயா முதல்முறையாக வாய் திறந்தார்.

“கருவுல தோலும் மூளையும் ஒரே மாவுல சுடற தோசைங்க பெரியப்பா. ஒன்னுல கை வெச்சா இன்னொன்னுலயும் படும். எனக்கும் இப்பத்தான் புரியுது. தப்பு எம்பேர்லதான்.”

தும்பி வேலிக்கு மேலே எட்டி, மேசையில் இருந்த முறுக்குத் தட்டை மோந்துகொண்டிருந்தாள். அவளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்ததும் பொன்னாத்தாள் ஒரு முறுக்கை எடுத்து அவள் வாயில் வைத்தாள்.

“ஒரே ஒரு வழி இருக்குது,” என்றாள். “கடிவாளத்துலயும் சாட்டையிலயும் தோத்தாலும், சொந்தக்காரரு மேல ஏறி மைதானத்தை ஒரு சுத்துச் சுத்தி, பொறப்பட்ட எடத்துக்கே வந்து நின்னா, தேறுனதா எழுதலாம்னு விதி இருக்குது. பெரியப்பாவுக்கு அதென்ன பெரிய காரியமா?”

தர்ஷன் ஐயா பெரியம்மாவைப் பார்த்து, “காப்பி ஆறிப்போச்சு, சித்தெ சூடு பண்ணிட்டு வா,” என்றார். காப்பியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பெரியம்மா பேசாமல் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

“அம்முணி, எம்பட பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. உங்கிட்டச் சொல்றேன். நானா எந்தக் குதரைமேலயும் ஏறுனதே இல்ல.”

பொன்னாத்தாள் திகைத்துப்போய்ச் சுவரைப் பார்த்தாள். வரிசையாகப் படங்கள். குதிரையின் கயிற்றைப் பிடித்தபடி தர்ஷன் ஐயா, சேணத்தில் கை வைத்தபடி தர்ஷன் ஐயா, சாட்டையுடன் தர்ஷன் ஐயா. எல்லாவற்றிலும் கால் தரையில்தான் இருந்தது. இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் போனோம்!

“சின்ன வயசுல எங்கப்பன் தூக்கி ஒரு குதரைமேல ஒக்கார வெச்சாரு. அது கெணத்து மேட்டுப் பக்கமாப் பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. விளிம்புல நின்னுது. கீழ தண்ணி தெரிஞ்சுது. அன்னைக்கு எறங்குனவந்தான். ஆனா குதரைன்னா எனக்கு உசுரு. எட்ட நின்னா மனசு கேக்கறதில்ல, கிட்டப் போனா நெஞ்சு கேக்கறதில்ல. என்ன பண்ணட்டும்?”

பொன்னாத்தாளுக்கு சுல்தானின் சிவப்பு விளக்கு கண்முன் வந்தது. எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

“பெரியப்பா, குதரை நம்ம பயத்தைக் கண்டுபுடிச்சுருமுங்க. வேர்வை வாசம், மூச்சு, கை நடுக்கம், எல்லாத்துலயும். கூட்டத்துல ஒருத்தன் பயந்தா புலி வருதுன்னு அர்த்தம், அதான் அது பொறந்ததுலருந்து படிச்சது. நீங்க பயப்பட, அது பயப்பட, அது பயப்படறதப் பாத்து நீங்க இன்னும் பயப்பட...”

“அப்ப சுழி?”

“சுழி பாவம், அது என்ன பண்ணும்?”

தர்ஷன் ஐயா வேலிக்குள் நின்ற சுல்தானைப் பார்த்தார். “அத்தன சீவனையும் ராசியில்லைன்னு தாட்டிவிட்டுட்டேனே,” என்றார். கண் கலங்கியது. இந்த நேரம் பார்த்துத் தும்பி அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். டர்ரென்று கிழிந்தது. கலங்கிய கண்ணோடு அவர் சிரித்துவிட்டார். உள்ளே அடுப்படியிலிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது.

“இவளுக்கு மட்டும் எம்பட பயம் ஒட்டறதில்ல, இல்லியா அம்முணி?”

“இல்லீங்க. நீங்க நடுங்குனாலும் அவளுக்கு அது வேடிக்கைதான்.”

“அப்ப ஏறறேன்,” என்றார். சொன்ன வேகத்தில் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆடி மாதம், குருநாதசாமி கோயில் நோம்பித் திருவிழா. அந்தியூர்ச் சந்தையில் எள் போட்டால் எள் விழாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் குதிரை. வெள்ளை, கறுப்பு, செவலை, வெல்வெட் போர்த்தியது, சலங்கை கட்டியது, பாட்டுக்கு ஆடுவது. பிறவிக் குதிரைகளும் இருந்தன, கருவகக் குதிரைகளும் இருந்தன. எல்லாக் கழுத்திலும் பட்டை. மைதானம் முழுக்கப் பச்சை விளக்குகள். வேலி ஓரத்தில் சுல்தானையும் கட்டியிருந்தார்கள், அவன் கண்ணில் பட்டால்தான் தும்பி ஓரிடத்தில் நிற்பாள்.

அதிகாரி அங்கமுத்து சென்னையிலிருந்து வந்த இளைஞர். வெயிலில் தக்காளியாகச் சிவந்திருந்தார். முதலில் கடிவாளம். அவரோடு வந்த பயிற்சியாளர் இடப்பக்கம் இழுத்தார். தும்பி வலப்பக்கம் போகிற பலூன்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலும் இழுத்தார். அவள் நாக்கால் கடிவாளத்தைக் கடைவாய்ப் பல்லுக்குத் தள்ளி, கரும்பு மாதிரி மெல்ல ஆரம்பித்தாள். கூட்டம் கைதட்டியது. அடுத்து சாட்டை. காற்றில் சுளீரென்று சொடுக்கினால் குதிரை பின்வாங்க வேண்டும். தும்பி முன்வாங்கினாள். சாட்டை நுனியை உதட்டால் கவ்வி, ‘இன்னொரு தரம்’ என்பது மாதிரி பயிற்சியாளரிடமே நீட்டினாள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அங்கமுத்துவும் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பொன்னாத்தாளிடம் வந்தார்.

“மேடம், எனக்கும் இவளைப் பிடிச்சிருக்கு. ஆனா நானூறு கிலோ உடம்பு. விலகுன்னா விலகாது. நாளைக்கு ஒரு கூட்டத்துல இவ நடந்து வந்தா, கீழ சின்னப் பிள்ளை இருந்தா? நான் என்ன எழுதட்டும்?”

பொன்னாத்தாள் கூட்டத்தில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

“சொந்தக்காரரு ஏறுவாரு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ரித்திகா பெரியம்மா. கணவரின் பூட்ஸை முந்தானையால் துடைத்துவிட்டு, “போங்கோ,” என்றார்.

குதிரை ஏறுவதற்காகப் போட்டிருந்த கல்மேடையில் தர்ஷன் ஐயா ஏறினார். தும்பியின் முதுகைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். வேலியில் கட்டியிருந்த குதிரைகள் அவரைப் பார்த்துத் தலையை உதறின. அக்கம்பக்கத்துப் பட்டைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. தும்பி மட்டும் ஒரு காதைப் பின்னால் திருப்பி, என்ன இவ்வளவு நேரம் என்பது மாதிரி நின்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டார். ஏறிவிட்டார்! பொன்னாத்தாள் தன்னை அறியாமல் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏறியாயிற்று, நகர வேண்டுமே! குதியால் உதைத்தால் தும்பிக்கு உறைக்காது. கடிவாளம் அவள் வாயில் பலகாரம். தர்ஷன் ஐயா விழித்தார். பிறகு பிடிமானத்துக்காகவோ பழக்கத்தினாலோ, பின்னலுக்கு அடியில் கையை விட்டுச் சொறிந்தார். தும்பி நடந்தாள். இடப்பக்கம் சொறிந்தால் சுகத்தில் கழுத்து இடப்பக்கம் வளைந்தது, கால்களும் அந்தப் பக்கமே போயின. கையை எடுத்தால் நின்று, ஏன் நிறுத்தினாய் என்று திரும்பிப் பார்த்தாள். ஆயிரமாயிரம் வருசப் பாடம் தலைகீழாகிவிட்டது. அழுத்தி விடுவதற்குப் பதில், பிரியமாய்த் தொட்டால் போதும்.

பாதி மைதானம் போயிருப்பார்கள். தேர் நிலை பெயர்ந்ததற்குக் கோயில் பக்கம் அதிர்வேட்டு போட்டார்கள். பூமி அதிர்ந்தது. அவ்வளவுதான், சந்தை முழுக்கப் பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. குதிரைகள் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பின. ஒன்று ஓடினால் ஒன்பது ஓடும் சாதி அது. வேலி சாய்ந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சனம் இக்கட்டாலும் அக்கட்டாலும் கிடைத்த பக்கமெல்லாம் ஓடியது. கனைப்பும் புழுதியுமாக, மிரண்ட குதிரைகள் மைதானத்தின் நடுவே பாய்ந்து வந்தன. நடுவே தும்பி. மேலே தர்ஷன் ஐயா.

“எறங்கிருங்க பெரியப்பா!” என்று பொன்னாத்தாள் கத்தினாள்.

அவர் இறங்கவில்லை. இறங்கத் தெரியவில்லை என்று பிற்பாடு சொன்னார். கையை மட்டும் எடுத்துவிட்டார் போலிருக்கிறது, ஏனென்றால் தும்பி அப்படியே நின்றாள். காதை நிமிர்த்தி வேட்டுச் சத்தம் வந்த திசையை ஆசையாகப் பார்த்தாள். பிறகு பின்னங்காலில் ஒன்றைத் தளர்த்தி, கொட்டாவி விட்டாள்.

முதலில் வந்த வெள்ளைக் குதிரை அவளைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. கூட்டத்தில் ஒருத்தி இப்படி நிற்கிறாள் என்றால் புலி இல்லை என்று அர்த்தம். அது அவளை ஒட்டி வந்து நின்றது. அதைப் பார்த்து அடுத்தது. அதைப் பார்த்து இன்னொன்று. புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கிக்கொண்டு வட்டமாக நின்றுவிட்டன. நடுவிலிருந்து ஓரத்துக்கு, சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறிக்கொண்டே போயின. பயம் ஒட்டுவாரொட்டி என்று பொன்னாத்தாளுக்குத் தெரியும். நிம்மதியும் அப்படித்தான் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் ஒட்டுக்காச் சேர்த்தே விட்டாள்.

நடுவில் இருந்த தர்ஷன் ஐயாவுக்கு இதெல்லாம் தெரிந்ததோ என்னவோ. “அம்முணி, இப்ப என்ன பண்ணோணும்?” என்று அங்கிருந்தே கேட்டார்.

“சொறிங்க பெரியப்பா!”

சொறிந்தார். தும்பி நடந்தாள். சுல்தான் உட்படக் குதிரைப் பட்டாளம் மொத்தமும் பின்னால் நடந்தது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட கல்மேடைக்கே வந்து நின்றார்கள். ஒரு சின்னப் பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை.

அங்கமுத்து எழுதுவதற்குமுன் சற்று யோசித்தார். “சொன்னா கேக்கறாளான்னு எனக்குத் தெரியலை மேடம். ஆனா இவ நின்னா மத்ததெல்லாம் கேக்குது. திருவிழாவுக்குத் திருவிழா இவளை அனுப்பி வைப்பாங்களா?” என்று கேட்டுக்கொண்டே ‘தேறியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தர்ஷன் ஐயாவைக் கீழே இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. இறங்கியவர் தரையில் நிற்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை சந்தோசத்தில் பொன்னாத்தாளுக்கு மனசு உறுத்தியது. இனிமேல் தும்பியை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. சொல்லிவிடலாம்.

“பெரியப்பா, ஒரு தப்பு பண்ணிட்டேனுங்க. தும்பி பிடரிக்கு அடியில ஒரு சுழி இருக்குது. பெண்டிழந்தான் சுழி. பொறந்தப்பவே தெரியும், மறைச்சுட்டேன்.”

“அட, அதுவா?” என்றார் ரித்திகா பெரியம்மா. “வந்த ராத்திரி விடிஞ்ச மக்காநாளே நான் பாத்துட்டேன். இவரு கண்ணுல பட்டா தாட்டிவிட்டுருவாரேன்னுதான் தெனமும் பின்னிப் பின்னி மூடி வெச்சேன்.”

“பெரியம்மா! அது உங்களுக்கு ஆகாத சுழிங்க.”

“போச்சாது போ. அது வந்தப்பறந்தான் இந்த மனுசன் வாய்விட்டுச் சிரிச்சுப் பாத்தேன். அதுக்கு ஒரு சுழிக்குப் பயப்படுவேனாக்கும்?”

இருவரும் தர்ஷன் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, உங்களுக்கு...?” என்று இழுத்தார் பெரியம்மா.

“நான் தெனமும் சொறியறதே அந்த எடத்துலதானே. வெரலுக்குச் சுழி தெரியாமப் போயிருமா?”

“அப்ப இத்தன நாளும் என்னையத் தாட்டிவிடத்தான் சொறிஞ்சுட்டு இருந்தீங்களா!”

“மொத நாளு பயந்துட்டேன். அன்னைக்கு ராத்திரி உன்னையவே பாத்துட்டு முழிச்சிருந்தேன். காலையில எந்திரிச்சு, சாம்பார்ல உப்பில்லைன்னு சொன்னதுக்கு நீ என்னைய வைஞ்ச பாரு. இவளைக் கூட்டிட்டுப் போற தைரியம் எந்தச் சுழிக்கு இருக்குதுன்னு விட்டுட்டேன்.”

பெரியம்மா சிரிக்கவில்லை. சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகினார். கல்மேடையில் ஏறினார். யாரும் தடுப்பதற்குள், இத்தனை வயதில், அலுங்காமல் தும்பிமேல் ஏறி நேராக உட்கார்ந்தார். ஏறின தோரணையிலேயே தெரிந்தது, புதிதாக ஏறுகிறவர் இல்லை.

“உனக்கு ஏறத் தெரியுமா?” தர்ஷன் ஐயாவின் வாய் பிளந்தது.

“எங்க அப்புச்சி வூட்ல நான் ஏறாத குதரையா?”

“அப்பறம் ஏன் இத்தன வருசமும்...”

“நீங்க கீழ நிக்கறப்ப நான் மேல ஏறுனா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னுதான். படத்துல எல்லாம் கால எங்க வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா?”

பெரியம்மாவின் குரலில் குறை இல்லை. குனிந்து பின்னலுக்கு அடியில் கையை விட்டார். தும்பி நடந்தாள், பிறகு துள்ளு நடை, பிறகு நாலுகால் பாய்ச்சல். சிவப்பு ரிப்பன் அவிழ்ந்து பறந்தது. பெரியம்மாவின் சிரிப்பு பவானி ரோட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது.

“எங்கடி போறே?” என்று கத்திய தர்ஷன் ஐயா, மூச்சு வாங்கி, பக்கத்தில் இருந்ததன்மேல் சாய்ந்துகொண்டார். “போயிட்டா பாரு அம்முணி. சுழி பலிச்சுருச்சு!” என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அவர் சாய்ந்திருந்தது வேலியோ கம்பமோ இல்லை. சுல்தான். அவர் கை அந்தக் கிழட்டுக் குதிரையின் கழுத்தில் கிடந்தது. சுல்தான் காதைத் தளரவிட்டு, அவர் தோளில் தாடையை வைத்திருந்தான். பட்டையில் பச்சை எரிந்தது.

பொன்னாத்தாள் அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் வேண்டாமென்று விட்டுவிட்டாள். சொன்னால் அவருக்குப் பயம் ஞாபகம் வந்துவிடும்.